உச்சி வேளையில் கரைந்த போல்ட்டுகள்

கப்பலூர் தொழிற்பேட்டையில், சுபலட்சுமியின் முலாம் பூசும் பட்டறைக்குள் வந்த பெண் டிபன் பாக்ஸைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தாள். சோறு இல்லை. எட்டு போல்ட்டுகள் உருண்டன. நான்கு புதுக்கருக்கு கலையாமல் மின்னின. மற்ற நான்கும் சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி இடுப்பு மெலிந்திருந்தன.

“எட்டும் ஒரே கடையில வாங்குன எவர்சில்வர். படகுல மாட்டி அஞ்சு வாரம்தான் ஆச்சு,” என்றாள். பெயர் தமிழ்வாணி. அலங்காநல்லூருக்கு வடக்கே, புளியடிக் கண்மாயில் மீன் குத்தகை எடுத்தவள்.

உடைந்த இரும்பு ஏன் உடைந்தது என்று கேட்டு ஆலைக்காரர்கள் சுபலட்சுமியிடம் வருவது வழக்கம். காவல் நிலையத்திலிருந்தும் சில நேரம் வருவார்கள். அவருடைய உதவியாள் அருள்பாண்டி, செல்லூர் தறிப்பட்டறையில் இருபது வருடம் மெக்கானிக்காக இருந்தவன். போல்ட்டைப் பார்த்ததுமே அவனுக்குக் கை பரபரத்தது.

“கடைக்காரன் ஏமாத்திட்டான்க்கா.”

“அப்ப எட்டும் போயிருக்கணும்ல மாப்ள,” என்ற சுபலட்சுமி தமிழ்வாணியிடம் திரும்பினார். “போனது எது, இருக்கிறது எதும்மா?”

“முன்மூக்குல மாட்டுனது நல்லா இருக்கு. பின்னால, இன்ஜின் தாங்குறது மட்டும் போச்சு.” தமிழ்வாணி குரலைத் தாழ்த்தினாள். “இது ரெண்டாவது செட்டு. முதல் செட்டு போனப்ப அதை மாத்தத்தான் அவரு தண்ணிக்குள்ள இறங்குனாரு.”

அவள் கணவன் பால்பாண்டி, பழைய மோட்டார் படகை ஏலத்தில் எடுத்து, வீடியோ பார்த்தே துருப்பிடித்த சாமான்களையெல்லாம் தானே மாற்றியவன். படகில் உள்ள உலோகம் அத்தனையையும் ஒரே செம்புக் கம்பியால் இணைத்திருந்தான். பின்பக்க போல்ட்டைக் கழற்ற, முன்பக்கம் மணல் மூட்டை ஏற்றினால் பின்பக்கம் தண்ணீருக்கு மேலே வரும். இடுப்பளவு நீரில் நின்று மாற்றிவிடலாம். பூசுகிற பசை இறுக நல்ல வெயில் வேண்டும் என்று உச்சி வேளையாகப் பார்த்து இறங்கினான்.

“‘காலை விடு, காலை விடு’ன்னு கத்துனாராம். தண்ணிக்குள்ள சுத்தி யாருமே இல்ல. அப்படியே முங்கிட்டாரு. கண்மாயை நீச்சல்லயே குறுக்க கடக்குற ஆளு.”

அருள்பாண்டி போல்ட்டுகளை விட்டு ஓரடி தள்ளி நின்றான்.

“கத்துனதைக் கேட்டது யாரு?” என்றார் சுபலட்சுமி.

“என் கொழுந்தன் முத்திருளன். கரையில நின்னான். ஊர்ல பாதிப் பேரு உச்சிமுனி அடிச்சிருச்சுங்கிறாங்க. மீதிப் பேரு, குத்தகைக்காக அவன்தான் அண்ணனை அமுக்கிட்டான்ங்கிறாங்க. போலீஸ் ரெண்டு தடவை கூட்டிட்டுப் போயிருச்சு. மறுபடி வரச் சொல்லியிருக்கு. என் பிள்ளைகளுக்கு இனி அவன் முகத்தைக் காட்டலாமா கூடாதான்னு எனக்குத் தெரியணும்.”

மறுநாள் பதினொன்றரை மணிக்குக் கண்மாய்க் கரையில் நிழலே இல்லை. படகு ஆடாமல் நின்றது. அதன் பின்பக்கத்திலிருந்து பழுப்புக் கோடுகள் வழிந்திருந்தன. தூரத்துக் கரையெங்கும் கொக்குகள். படகைச் சுற்றி மட்டும் ஒன்றுகூட இல்லை. தவளைச் சத்தமும் இல்லை.

“பேய்க்கு இரும்பு ஆகாதும்பாங்க,” என்று முணுமுணுத்தான் அருள்பாண்டி. “இது இரும்பையே திங்குதேக்கா.”

முத்திருளன் தள்ளி நின்று தரையைப் பார்த்தபடி பதில் சொன்னான். இரண்டாவது செட்டை மாட்டியது அவன்தான். காலை ஆறு மணிக்கு. ஒன்றும் ஆகவில்லை.

“மேகம் மூடாக்கு போட்ட நாள்ல நானும் இங்கன நின்னு வலை அலசியிருக்கேன். ஒண்ணும் செய்யல,” என்றாள் தமிழ்வாணி.

“அண்ணன் கத்துனப்ப நீங்க ஏன் குதிக்கல?” என்று கேட்டார் சுபலட்சுமி.

முத்திருளன் குனிந்து முழங்காலைத் தடவினான். பிறகு, “ஒரு காலை வச்சேன். கால் என் கால் மாதிரியே இல்ல. பயந்து ஏறிட்டேன்,” என்றான்.

கரையை ஒட்டிய தென்னந்தோப்பின் சொந்தக்காரர் அழகுராஜா வேலியருகே வந்து நின்றார். “முனியாவது கினியாவது, அதெல்லாம் சுத்தப் பொய்யிங்க. இவன்தான் அமுக்கிட்டான். காலம் கெட்டுக் கிடக்கு.”

“தோப்புக்குத் தண்ணி எங்கேயிருந்து பாயுதுண்ணே?”

“எங்க பாயுது? சோலார் பம்பு பழுதாகி வருசமாச்சு. மழையை நம்பித்தான் கிடக்கேன்.”

சுபலட்சுமி தோப்புக்குள் பார்த்தார். தென்னம்பாத்திகள் ஈரமாக இருந்தன. தென்னோலை மேலெல்லாம் புழுதி. சோலார் பலகைகள் மட்டும் துடைத்த கண்ணாடியாகப் பளபளத்தன. அருள்பாண்டியின் காதில் அவர் ஏதோ சொன்னார். வண்டியில் கிடந்த தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு அவன் மெல்ல நழுவினான்.

பிறகு அவர் தன் செருப்பில் ஒன்றைக் கழற்றிப் படகின் பக்கம் வீசினார். அது மிதந்தது.

“அண்ணே, அதை எடுத்துத் தாங்க. முழங்கால் தண்ணிதான். உங்களுக்குத்தான் முனி பயம் இல்லையே.”

அழகுராஜா சிரித்தார். நகரவில்லை. வேட்டியைப் பிடித்த விரல்கள் இறுகின.

“பேயை நம்பாதவரு, பம்பும் ஓடலங்கிறவரு. அப்புறம் எதுக்குப் பயப்படுறீங்க?”

மூங்கில் கழியில் கட்டி மீட்டரோடு இணைத்த இரண்டு கம்பிகளைச் சுபலட்சுமி நீருக்குள் விட்டார். மீட்டரின் முள் விருட்டென்று ஏறியது. கையை உயர்த்திக் காட்டினார். தோப்புக்குள், சோலார் பலகைகள் மேல் தார்ப்பாய் விரியும் சத்தம் கேட்டது. முள் தடுமாறி, சுழியத்தில் படுத்தது. அதுவரை எல்லோரும் வண்டுச் சத்தம் என்று நினைத்திருந்த ஒரு முனகல் தண்ணீருக்கடியில் நின்றுபோனது.

“என் பட்டறையில தொட்டிக்குள்ள தினமும் நடக்கிறதுதான் இது,” என்றார் சுபலட்சுமி, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவரைப் போல. “தண்ணிக்குள்ள ஒரே திசையில மின்சாரம் ஓடினா, வழியில இருக்கிற உலோகத்துல ஒரு முனையில ஏறி மறுமுனையில இறங்கும். ஏறுற முனைக்கு ஒண்ணும் ஆகாது. இறங்குற முனையை அரிச்சு எடுத்துட்டுப் போயிரும். மூக்குல ஏறுச்சு, செம்புக் கம்பி வழியா ஓடுச்சு, பின்னால இறங்குச்சு. அதான் நாலு போல்ட்டு மட்டும் மெலிஞ்சது. வீட்டு கரண்டு இம்புட்டு வேகமா அரிக்காது. அது திசை மாறி மாறி ஓடும். திசை மாறாதது, மேகம் வந்தா சோர்றது, உச்சியில உக்கிரமாகுறது எது? சோலார்.”

“அப்ப காலைப் பிடிச்சது?” என்றாள் தமிழ்வாணி.

“அந்த மின்சாரம் பட்டா சதை இறுகிக்கும். யாரோ பிடிச்ச மாதிரிதான் இருக்கும். முனிக்குப் பயந்து உச்சியில யாரும் தண்ணியில இறங்குறதில்ல. அது வலுவா இருக்கிற நேரத்துக்குச் சாட்சியே கிடையாது.”

அருள்பாண்டி திரும்பி வந்தான். கண்மாய்த் தண்ணீரைத் திருட்டுத்தனமாக எடுக்க முள்ளுக்குள் மறைத்து இறக்கிய குழாய், நீருக்குள் தோல் கிழிந்த வயர், இன்னொரு வயரை எர்த் என்று இரும்புக் குழாயில் கட்டிய முடிச்சு, எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்திருந்தான்.

அழகுராஜா வேலிக்கல்லில் உட்கார்ந்தார். “போன சித்திரையில எனக்கே ஒரு தடவை இழுத்துச்சு. தென்னங்கண்ணு காய்ஞ்சிரும்னு அப்படியே விட்டுட்டேன். பால்பாண்டி உச்சியில இறங்குவான்னு யாரு கண்டா.”

“அவரு செத்தப்புறமும் பம்பை ஓட்டுனீங்க. பழியை இவர் தலையில போட்டீங்க,” என்றார் சுபலட்சுமி.

முத்திருளன் யாரையும் பார்க்கவில்லை. “நான் குதிச்சிருந்தா?”

“ரெண்டு பொணம் விழுந்திருக்கும்.”

தமிழ்வாணி படகின் கயிற்றருகே போய், கணவனுடைய ஸ்பேனரைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். கொழுந்தனிடம் நீட்டினாள்.

“பின்னால புதுசா நாலு போல்ட்டு மாட்டணும் முத்து. சாயங்காலம் பிள்ளைகளையும் கூட்டிட்டு வாரேன்.”

“சரி மதினி.” ஸ்பேனரை அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

வயர்களை வெட்டி விலக்கிய பின், மீட்டரை இன்னொரு முறை பார்த்துவிட்டு, சுபலட்சுமி தலையசைத்தார். முத்திருளன் ஒரு காலை வைத்தான். நின்றான். மறு காலையும் வைத்தான். எதுவும் பிடிக்கவில்லை. மிதந்த செருப்பை எடுத்துக் கரைக்கு எறிந்துவிட்டு, படகின் விளிம்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

“நீயும் இறங்கிக் கொஞ்சம் தாங்கிப் பிடி மாப்ள,” என்றார் சுபலட்சுமி.

அருள்பாண்டிக்கு எல்லாக் காரணமும் புரிந்திருந்தது. படமே எடுத்திருந்தான். ஆனாலும் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மணி பன்னிரண்டே கால்.

“ஒரு மணி ஆகட்டும்க்கா,” என்றான்.