பதிமூன்றாம் வாய்ப்பாடு

நாகேந்திரனா என்று பெயரைக் கேட்டதும் திரையில் பச்சைக் கோடு மேலே ஏறியது. ஆமாம் என்று அர்த்தமாம். பிரமிளாவுக்கு அது பிடிக்கவில்லை.

தடா பக்கத்து ஃபேக்டரியில் லாரியிலிருந்து விழுந்து, இரண்டு மாதமாக அவள் புருஷன் கண் திறக்காமல் கிடந்தான். இன்று இந்தத் திருப்பதி ஆஸ்பத்திரியில் அவன் நெற்றியில் ஒரு கறுப்புப் பட்டையைக் கட்டியிருந்தார்கள். ஸ்பிரிட் வாசனையும் ஏசியின் முனகலும் திரைச்சீலை வழியே கசிந்த மதிய வெயிலும் நிறைந்த அறையில், பட்டையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒன்று மண்டைக்குள் போய் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வருகிறது என்றான் டெக்னீஷியன் ஸ்ரீஹரி. மூளை பாடுபட்டால் அங்கே ரத்தம் ஏறும், கோடும் ஏறும். ஆமாம் என்றால் மனசுக்குள் பதிமூன்றாம் வாய்ப்பாடு சொல்ல வேண்டும், இல்லை என்றால் சும்மா இருக்க வேண்டும் என்று நாகேந்திரன் காதில் தெலுங்கில் சொல்லியிருந்தான்.

ஊர் சத்தியவேடா? ஏறியது. வீட்டுக்குப் போக வேண்டுமா? ஏறியது. கையெழுத்துப் போட்டால் இப்போதே கூட்டிப் போகலாம் என்றான் ஸ்ரீஹரி. கட்டிலைக் காலி செய்யப் பார்க்கிறார்கள் என்றுதான் அவள் சந்தேகப்பட்டாள். வீடு ஒரே அறை. ஆறு வயது மகள் யமுனா அப்பா பக்கத்தில்தான் படுப்பாள்.

கையெழுத்தைப் போட்டுவிட்டாள். போட்ட பிறகுதான் உறைத்தது.

"இவரு மழைக்குக்கூட இஸ்கூல் பக்கம் ஒதுங்கனதில்ல தம்பி. வாய்ப்பாடு எப்டி சொல்வாரு?"

ஸ்ரீஹரி சிரித்தான். நீங்களே தமிழில் கேளுங்கள் அக்கா என்றான்.

அவள் புருஷன் காதருகே குனிந்தாள். அவன் மேல் அவளுக்குத் தெரிந்த வாசனை எதுவும் இல்லை.

"உள்ள இருக்கறது நீங்கதானா?"

கோடு அசையவில்லை. ஏசி முனகியது. காத்திருந்தாள். அசையவே இல்லை.

"வேற யாராச்சுமா?"

ஏறியது.

அரைகுறைத் தமிழ்க்காரனான ஸ்ரீஹரி, பதில் நன்றாக வருகிறது என்று எழுதிக்கொண்டான். ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள்.

பயம். கேட்கக் கூடாது என்று நினைத்தாள். கேட்டாள்.

"ஊட்டுக்கு எதுக்கு வர்ற நீ? என் புள்ளைக்காவா?"

ஏறியது. ஏறியது. திரையின் மேல் விளிம்பில் முட்டி நின்றது.

கண் மூடியபடியே இருந்தது. இரண்டு மாதமாக அசையாத உதடு, பல் தெரிய, மெல்ல விரிந்தது.