மூலைக்கல்

மூலைக்கல்லில் மாட்டு முடி ஒட்டியிருந்தது. அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. கறவை நின்ற மாட்டையும் உழவுக்கு உதவாத காளைக் கன்றையும் ரோட்டில் அவிழ்த்து விட்டுவிட்டு, பாலைப் பாக்கெட்டில் வாங்கிக் குடிக்கிற காலம் இது. அந்த மாடுகள் வேலியில் வந்து உரசத்தான் செய்யும். ஆனால் ரீட்டா காலையில் காப்பித் தம்ளரோடு வயலைச் சுற்றி வந்தபோது பார்த்த முடி, கல்லின் உள்பக்கத்தில் இருந்தது. இடுப்பு உயரத்தில் ஈரச்சேறு அப்பி, அதில் செம்பட்டை மயிர் கொத்தாக ஒட்டியிருந்தது. கையை வைத்துப் பார்த்தாள். வெயில் இன்னும் ஏறவில்லை. கல் வெதுவெதுப்பாக இருந்தது.

மாடு உள்ளே நுழைந்திருந்தால் கடலைச்செடி என்ன பாடு பட்டிருக்கும்? ஓர் இலைகூடக் கடிபடவில்லை. ஈர மண்ணில் ஒரு குளம்படி இல்லை. கேட் பூட்டியது பூட்டியபடி கிடந்தது. முள்கம்பி ஐந்து வரியும் விறைப்பாக நின்றது. "காத்துல பறந்து வந்து ஒட்டிருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முடியைப் பிய்த்து எறிந்தாள். சேறும் காற்றில் பறந்து வருமா என்று கேட்க அங்கே யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

யாரும் இல்லைதான். மகள் ஸ்வீட்டி திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தாள். கணவன் அருள்மணி கத்தாரில் லாரி ஓட்டினான். ஆவூர் ரோட்டை ஒட்டிய இந்தச் செம்மண் காடும், அதன் நடுவே தளம் போட்ட சின்ன வீடும், ஆடியில் விதைத்த கடலையும்தான் ரீட்டாவுக்குத் துணை. போன வருஷம் கடலைப் பூ மண்ணுக்குள் விழுது இறக்குகிற சமயத்தில் மாடுகள் ஒரே இரவில் மொத்தத்தையும் மேய்ந்து தீர்த்தன. அதற்கு முந்தின வருஷம் உளுந்து போயிற்று. அருள்மணிக்கு மனசு விட்டுப் போனது. பிளாட் போடுகிறவர்களுக்கு நிலத்தைக் கொடுத்துவிடலாம் என்று போனில் ஆரம்பித்தான்.

"ஒத்த வெள்ளாமைங்க," என்றாள் ரீட்டா. "நான் வேலி போடுறேன். இந்தக் கடலைய வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன்னா அப்புறம் நீங்க விக்கிற பேச்சையே எடுக்கக் கூடாது. இதுவும் போச்சுன்னா நீங்க நீட்டுற எடத்துல கையெழுத்துப் போடுறேன்."

அருள்மணி சம்மதித்தான். அவள் தோற்றுவிடுவாள் என்று நினைத்துத்தான் சம்மதித்தான் என்பது ரீட்டாவுக்குத் தெரியும். அந்த நினைப்பே அவளைக் காலையில் எழுப்பி விட்டது.

குவாரியிலிருந்து கல்லுக்கால்கள் வந்து இறங்கின. முள்வேலிக்கு உயிர் மூலைக்கல்லில் இருக்கிறது. கம்பியை முறுக்கிக் கட்டும்போது அத்தனை இழுப்பையும் அதுதான் தாங்க வேண்டும். மூன்று மூலைக்குப் பருத்த கல் கிடைத்துவிட்டது. நாலாவது இறக்கும்போது இரண்டாக உடைந்தது. வேலைக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். ரீட்டா கண்மாய்க் கரைப் பக்கம் பார்த்தாள். அங்கே மேய்ச்சல் புறம்போக்கில் ஆள் உயரத்துக்கு ஒரு கல் தனியாக நின்றது. மாடுகள் உடம்பு தினவெடுத்தால் வந்து உரசிக்கொள்ள எந்தக் காலத்திலோ யாரோ நட்ட கல். எத்தனையோ தலைமுறை மாடுகள் உரசி உரசி, அதன் விளிம்பெல்லாம் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது.

டிராக்டரில் சங்கிலி கட்டி அதை இழுத்துக்கொண்டு வந்தபோது, பக்கத்துக் காட்டு நாகராசு ஓடி வந்தார்.

"ஏம்மா ரீட்டா, அது மாடு ஒரசுற கல்லும்மா. புள்ளத்தாச்சியா செத்துப்போன பொம்பளை ஒருத்தி பேருல நட்டதுன்னு எங்க அப்பாரு சொல்லுவாரு. அதப் போயி புடுங்கிட்டு வாரியே!"

"அண்ணே, எந்தக் கடலையத் தின்னுட்டு அதுக போயி ஒரசுதுக? என் கடலைய. தின்னுட்டுச் சொரிஞ்சுக்க வேற எடம் வேணுமாக்கும்? இனிமே அந்தக் கல்லு என் காட்டைக் காக்கட்டும்."

"வாயில்லா சீவன்மா."

"வாயில்லாமலா இம்புட்டையும் தின்னுச்சு?"

கூலியாட்கள் சிரித்துவிட்டார்கள். நாகராசு சிரிக்கவில்லை. கல் வடகிழக்கு மூலையில் இறங்கியது. கம்பியைப் பூட்டி முறுக்கினார்கள். மற்ற மூன்று மூலையைவிட அது உறுதியாக நின்றது. ரீட்டா அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

மாடுகள் வந்தன. வராமல் இருக்குமா? பொழுது சாயும் நேரத்தில் ரோட்டிலிருந்தும் கண்மாய்ப் பக்கமிருந்தும் ஒவ்வொன்றாக வந்து வேலிக்கு வெளியே நின்றன. முட்டவில்லை. கழுத்தை நீட்டிக் கடலைக் கொடியை எட்டவில்லை. எல்லாம் அந்த ஒரு மூலையைப் பார்த்தபடி, அசை போடாமல், வாலைக்கூட வீசாமல் நின்றன. இருட்டத் தொடங்கியதும் கலைந்து போயின. "பாத்துக்கிட்டே நில்லுங்க. அதுதான் ஒங்களுக்கு" என்று ரீட்டா வாசலில் இருந்தபடியே சத்தம் போட்டாள். ஜெயித்த சந்தோஷம் அவளுக்கு நிஜமாகவே இருந்தது.

அதன் பிறகுதான் ஒரு சத்தம் தொடங்கியது. சரக், சரக் என்று, முரட்டுத் தோல் கல்லில் மெதுவாக இழுபடுகிற சத்தம். கூடவே கம்பி ஐந்தும் மூலையிலிருந்து கேட் வரைக்கும் நடுங்கி, கொக்கிகளில் கிணுகிணுத்து ஓய்ந்தன. ரீட்டா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தாள். ரோடு வெறுமையாகக் கிடந்தது. கண்மாய்க் கரையில் ஒரு மாடு இல்லை. மேற்கே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது, மூலைக்கல் தெளிவாகவே தெரிந்தது, அதன் பக்கத்தில் எதுவும் இல்லை. சரக், சரக். காற்றில் நனைந்த மாட்டின் வாடை வந்தது. அவள் வீட்டில் மாடு வளர்த்தே பல வருஷம் ஆகிவிட்டது.

இன்னொரு நாள் அந்தி நேரத்தில் அருள்மணி போன் செய்தான். கேட் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தவள், கடலை நன்றாகத் திரண்டிருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே வேலியோரமாக நடந்தாள்.

"ரீட்டா, மாடு எதுவும் வாங்கிருக்கியா?"

"நானா? இருக்கிற மாட்டுப் பிரச்சனை பத்தாதா?"

"இல்ல, ஒன் பக்கத்துல மாடு மூச்சு விடுற சத்தம் கேக்குது. புஸ்ஸு புஸ்ஸுன்னு. ஒண்ணு ரெண்டு இல்லையே, நெறைய கேக்குதே."

ரீட்டா நின்றுவிட்டாள். மூலைக்கல்லுக்கு வெகு அருகில் வந்திருந்தாள். பின்கழுத்தில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள், ஆனால் கழுத்து திரும்பவில்லை.

"காத்துங்க," என்றாள். "இங்க இன்னிக்குக் காத்து சாஸ்தி."

ஒரு கொடிகூட அசையவில்லை. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பயம்தான். பயம் இல்லை என்று மாதாவின் படத்துக்கு முன்னால் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஆனால் பயந்துவிட்டோமே என்ற கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. என் நிலத்தில் என்னை மிரட்டுகிறாயா என்று இருட்டைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

மறுநாள் நாகராசு தானாகவே வந்தார். அவருக்கும் சத்தம் கேட்டிருக்கிறது.

"கல்லை எடுத்து இருந்த எடத்துலயே நட்டுருவோம்மா. நானே டிராக்டர் கொண்டாரேன்."

"எடுத்தா அந்தப் பக்கத்துக் கம்பி பூராவும் தொவண்டு போயிரும். வெளியில நிக்கிறதுக எல்லாம் சும்மாவா இருக்கும்? கடலை பிடுங்கி முடியட்டும் அண்ணே. நாளைக்குக் காலையில ஆளுக வருது. பிடுங்கினதும் நீங்க எங்க சொல்றீங்களோ அங்க நட்டுருவேன். அதுவரைக்கும் யாரு சொன்னாலும் எடுக்க மாட்டேன்."

நாகராசு மூலைப் பக்கம் பார்த்தார். கல்லின் அடியில் மண் லேசாக விரிசல் விட்டிருந்தது.

"வெளியில நிக்கிறதுக வெள்ளாமைக்கு வருது. உள்ள நிக்கிறதுக அதுக்கு வரலம்மா, ஒரசக் கல்லைத் தேடி வருது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் மழை பெய்தது. கடலை பிடுங்க அதைவிடத் தோதான ஈரம் கிடைக்காது. ரீட்டா சாக்குகளை எடுத்து உதறி அடுக்கி வைத்தாள். பொழுது விழும் நேரத்தில் கரண்ட் போயிற்று. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. திடீரென்று எல்லாம் ஒன்றாக வாயை மூடிக்கொண்டன.

சரக்.

இந்த முறை சத்தம் ஓயவில்லை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது, அதன் மேல் இன்னொன்று. பெருமூச்சுகள். மூக்கை அடைக்கிற ஈரத்தோல் வாடை, சாண வாடை, புளித்த பச்சைப்புல் வாடை. கம்பி கிணுகிணுக்கிற சத்தம் வீட்டு ஜன்னல் வரைக்கும் வந்தது. பிறகு கல் மண்ணுக்குள் நெறிபடுகிற சத்தம் கேட்டது. ரீட்டா கம்பையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வெளியே நிஜமான மாடுகள் நின்றன. டார்ச் வெளிச்சத்தில் கண்கள் பளபளத்தன. ரோடு வரைக்கும் கண்கள். மூலைக்கல் சாய்ந்துகொண்டிருந்தது. அதைத் தள்ளுவது எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. நனைந்த மண் பிளந்தது. கல் மெல்ல, படுக்கப் போகிற மாடு முன்னங்காலை மடக்குவது போல, உள்பக்கமாகச் சேற்றில் சாய்ந்து விழுந்தது. கம்பி ஐந்தும் தொய்ந்து தரையைத் தொட்டன.

வெளியே நின்ற மாடுகள் ஓர் அடி எடுத்து வைத்தன.

"ஏய்!"

ரீட்டா கம்பை வீசி எறிந்துவிட்டுக் கம்பிகளை வாரி எடுத்தாள். முள் உள்ளங்கையில் இறங்கியது. விழுந்த கல் விட்டுப் போன குழிக்குள் முழங்கால் வரை இறங்கி நின்று, கம்பிகளை இடுப்போடும் நெஞ்சோடும் சேர்த்து அணைத்து, இருந்த பலம் அத்தனையும் கூட்டி இழுத்தாள். வேலி எழுந்தது. மாடுகள் நின்றன.

"வாங்க பாப்போம்," என்று கத்தினாள். "நான் நிக்கிறேன்ல? வாங்க பாப்போம்!"

வெளியிலிருந்து எதுவும் வரவில்லை.

உள்ளிருந்து வந்தது.

முதலில் மூச்சு. பின்கழுத்தில், சூடாக. பிறகு தோளில் ஒரு பாரம் சாய்ந்தது. கரடுமுரடான, உயிருள்ள, ஈரமான பாரம். மெதுவாக மேலே. மெதுவாகக் கீழே. சரக். டார்ச் கீழே விழுந்து கடலைக் காட்டின் மேல் வெளிச்சம் அடித்துக் கிடந்தது. அங்கே ஒரு கால் இல்லை. ஒரு குளம்பு இல்லை. ஓர் இலை மடங்கவில்லை. சரக்.

விட்டுவிடலாம். கையைத் திறந்தால் போதும். குழியிலிருந்து ஏறி வீட்டுக்கு ஓடிவிடலாம்.

விட்டால் கடலை போகும். கடலை போனால் நிலம் போகும்.

விடவில்லை.

ஒன்று நகர்ந்தது. அடுத்தது வந்தது. அதன் பின்னால் இன்னும் பல, பொறுமையாக மூச்சு விட்டபடி, முறை வரட்டும் என்று காத்திருந்தன. ரவிக்கையின் தோள்பட்டை நைந்து போனது. அதன் பிறகு தோள். முதலில் எரிந்தது. கத்தினாள். பிறகு எரியவில்லை. அதுதான் அவளை நடுங்க வைத்தது. எரியவில்லை. கன்னத்தில் ஒன்று உரசியது. சரக். மறு கன்னத்தில். சரக். மூக்கின் மேல். "விட மாட்டேன்" என்று சொல்ல உதட்டைத் திறக்கப் பார்த்தாள்.

திறக்க எதுவும் இல்லை.

சரக்.

விடிந்தது. கேட்டைத் தாண்டி ஆட்கள் வருகிற பேச்சு கேட்டது. காட்டுக்காரி எங்கே என்று ஒருத்தி கேட்டாள். வீடு திறந்து கிடக்கிறது என்றாள் இன்னொருத்தி. நாகராசு பேர் சொல்லிக் கூப்பிட்டார். பலமுறை கூப்பிட்டார். அவர் மிதியடிச் சத்தம் வேலியோரமாக நெருங்கி வந்து, மூலையில் நின்றது.

"வேலிக்கு ஒண்ணும் ஆகல. வெளியில நின்ன ஒண்ணுகூட உள்ள வரல," என்றார். பிறகு குரல் மெல்ல இறங்கியது. "அந்தக் கல்லு இங்கின கீழ கெடக்குது. அப்ப இந்த மூலையில இது எந்தக் கல்லு? ரீட்டா எப்ப வேற கல்லு நட்டுச்சு?"

ஒரு கை வந்து தொட்டது. சட்டென்று விலகிக்கொண்டது. மிதியடிகள் பின்னால் போயின, முதலில் நடந்தபடி, பிறகு ஓடியபடி.

ஓட்டத்தைக் கவனிக்காத ஒரு பெண், ஆசையில் கடலைக்கொடி ஒன்றைப் பிடுங்கி மண்ணை உதறினாள். "ஆத்தி, காய் எப்படித் தெரண்டிருக்கு பாரு! ஒத்த எலை கடிபடல!" அந்தச் சொல் மூலை வரைக்கும் வந்து சேர்ந்தது. ஜெயித்துவிட்டாள். கம்பி ஐந்தும் அவளுடைய பிடியில் விறைப்பாக நின்றன.

வெயில் ஏறியது. கண்மாய்ப் பக்கமிருந்து செம்பட்டைக் கன்று ஒன்று தனியாக வந்தது. வேலிக்கு வெளியே நின்று மோந்து பார்த்தது. பிறகு கண்ணை மூடி, கழுத்தை நீட்டி, அவள் முகம் இருந்த இடத்தில் சாய்ந்து, மெதுவாக உரசத் தொடங்கியது.