பந்தறியாதவள்

வேலைக்குள் நுழையும் முன் பிரிசில்லா தினமும் அந்த வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு ஒரு திரையின் முன் உட்கார வேண்டும். படங்கள் ஓடும். புல்தரையில் ஓடும் ஆட்கள், வலை கட்டிய கம்பங்கள், தோலால் ஆன ஓர் உருண்டை. எதைப் பார்த்தாலும் மூளையில் சலனம் எழக்கூடாது. அவளுக்கு எழுவதில்லை. "ஒண்ணும் தெரியல. உள்ளே போம்மா" என்பார் வாசலில் இருப்பவர். சென்னைக் கால்பந்துப் பந்தயச் சந்தையில் அதுதான் தகுதி.

ஆட்டம் தெரிந்தவர்கள் பந்தயம் கட்டியதால் விளைந்த மோசடிகள் பெருகி, கடைசியில் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. கால்பந்தைப் பற்றி எதுவும் அறியாதவர்கள் மட்டுமே சந்தையில் வாங்கலாம், விற்கலாம். விளையாட்டு தெரியாமல் எப்படி லாபம் பார்ப்பது என்று முதலில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சந்தையின் வாணிப அரங்கில் இருந்தவர்களுக்கு ஆட்டம் தேவைப்படவில்லை. அணியின் பெயர்கூட அவர்களுக்குக் காட்டப்படாது. ஓர் ஆட்டம் என்பது திரையில் ஏறி இறங்கும் ஒரு கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்குப் பின்னால் மனிதர்களின் பயமும் பேராசையும் இருந்தன. அதைப் படித்தவர்கள் சம்பாதித்தார்கள்.

பிரிசில்லா பிறவியிலேயே அறியாதவள் அல்ல. வியாசர்பாடிப் பெண்கள் அணியின் கோல்கீப்பராக இருந்தவள். உரிமத்துக்காகத் தானே மருத்துவமனைக்குப் போய் நினைவுக்களைவு செய்துகொண்டாள். பந்து தொடர்பான எல்லாவற்றையும் வேரோடு எடுத்துவிடும் சிகிச்சை அது.

"எதுக்கும்மா இது? நல்லா விளையாடியிருக்கீங்களே" என்று மருத்துவர் கேட்டார்.

"ஒரு ஆளைத் தேடி உள்ள போணும் டாக்டர். அவன் மேல இருக்கிற கோபமும் போயிடுமா?"

"கோபம் பந்து மேல இல்லியே. அது அப்படியே இருக்கும்."

அப்படியே இருந்தது. தண்டாயுதம் என்ற பெயர் இருந்தது. அதே அணியில் ஆடிய தோழி சகாயராணியின் முழங்காலை ஆட்கள் இரும்புக் குழாயால் அடித்து நொறுக்கியது நினைவிருந்தது. பந்தயத்தில் தோற்றவர்கள் அவர்கள். அவள் காசு வாங்கிக்கொண்டு அணியைத் தோற்கடித்தாள் என்று நம்பி அடித்தார்கள். உண்மையில் வாங்கியது வேறு இரண்டு பேர், கொடுத்தது தண்டாயுதம். தன்னை மறைக்கச் சகாயராணி மேல் பழியைப் போட்டதும் அவன்தான். வாழ்நாள் தடை அவளுக்கு, சந்தையின் மேல்மாடியில் நிர்வாகியின் அறை அவனுக்கு. இதெல்லாம் பிரிசில்லாவுக்கு மறக்கவில்லை. அந்த ஆட்டத்தில் என்ன நடந்தது என்பது மற்ற எல்லா ஆட்டங்களோடும் சேர்ந்து போய்விட்டது.

தண்டாயுதத்திடமும் அறியாமை உரிமம் இருந்தது. அது விலைக்கு வாங்கியது. அவன் ஆட்டக்காரர்களை விலைபேசிவிட்டு, முடிவு தெரிந்தே பணத்தை இறக்கினான். சிறு சிறு துண்டுகளாக, பலர் பெயரில் இறக்கியதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிரிசில்லா மாதக்கணக்கில் கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சில ஆட்டங்களில் மட்டும், விலை துள்ளுவதற்குச் சற்று முன்பு, ஒரே தாளத்தில் பணம் சொட்டியது. எதிரே யாராவது விற்றால் அந்தத் தாளம் வேகமாகும். தோற்கப் பொறுக்காத ஒரு மனிதனின் மூச்சு போல இருந்தது அது. மேல்மாடி அறையில் விளக்கு எரிந்த நாட்களில் மட்டுமே அது வந்தது.

அவள் அவனுக்கு முன்னால் ஓட ஆரம்பித்தாள். முதல் சொட்டு விழுந்ததுமே அவளும் வாங்கினாள். அவள் லாபத்தைப் பார்த்து அரங்கமே அவளைப் பின்தொடர்ந்தது. தண்டாயுதம் முழுதாக வாங்கி முடிப்பதற்குள் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்தது கொடுத்ததுதான், திரும்பி வருவது குறைந்துகொண்டே போனது. விட்டதைப் பிடிக்க அவன் ஒரே ஆட்டத்தில் எல்லாவற்றையும் வைத்தான், சந்தை உறுப்பினர்கள் நம்பி ஒப்படைத்திருந்த பிணைத்தொகை உட்பட.

அந்த மாலையும் பிரிசில்லா முதலில் வாங்கினாள். அரங்கம் வாங்கியது. கோடு உச்சிக்குப் போனது. தாளம் வெறிபிடித்தாற்போல் வேகமானது. உச்சியில் அவன் மூச்சுமுட்ட வாங்கிக்கொண்டிருந்தபோது அவள் திரும்பினாள். இருந்ததையெல்லாம் விற்றாள். அரங்கமும் விற்றது. கோடு செங்குத்தாக விழுந்தது. விலை அவன் கட்டிய பிணை தாங்கும் எல்லைக்குக் கீழே போனதும், நட்டக் கணக்கைத் தானே மூடும் தன்மூடல் இயங்கி, இயந்திரமே அவன் கையிருப்பு முழுவதையும் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடிந்தது. முடிவு அவன் விலைகொடுத்து வாங்கியபடியே வந்திருந்தது.

தண்டாயுதம் மேல்மாடியிலிருந்து இறங்கி நேராக அவள் இருக்கைக்கு வந்தான். "அது எந்த டீம்னாவது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"நான் சொன்ன மாதிரிதான் மேட்ச் முடிஞ்சிருக்கு. நான் எப்படித் தோத்தேன்?"

"எனக்கு மேட்ச் தெரியாது சார். உங்களைத் தெரியும்." அவள் எழுந்து நின்றாள். "சகாயராணின்னு ஒரு பேரு ஞாபகம் இருக்கா?"

அவன் முகம் வெளிறியது. "லெஃப்ட் ஃபுட்ல பெனால்டி அடிச்சாளே, அவளா?"

அந்த வாக்கியம் அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் அவன் முகம் வெளுத்ததையும், உதடு கோணியதையும் அவள் ஆசை தீரப் பார்த்தாள். பிணைத்தொகை காணாமல் போனதைக் கண்டுபிடித்த அதிகாரிகள் வந்து அவனை அழைத்துப் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் காலை அவள் வியாசர்பாடிக்குப் போனாள். சகாயராணி மாவு மில்லில் வேலை செய்கிறாள். சிகிச்சைக்குப் பிறகு பிரிசில்லா அங்கே வருவது இதுதான் முதல்முறை. காலை இழுத்துக்கொண்டு வந்தவள் மாவுக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள்.

"கேள்விப்பட்டேன்டி. வெசாரணை ஆபீசருங்க இங்க வந்திருந்தாங்க. என் கேசையும் திறக்கிறாங்களாம். உன் பேரத்தான் சாட்சிக்குக் குடுத்திருக்கேன்."

"என் பேரா?"

"வேற யாருக்குத் தெரியும்? ரைட் கால் நகம் பேந்துபோச்சு, லெஃப்ட்லதான் அடிக்கப்போறேன்னு பெனால்டிக்கு முன்னால உன் காதுலதானே சொன்னேன். அது போஸ்ட்ல பட்டுச்சு. வேணும்னே காலை மாத்தி அடிச்சேன்னுதானே அந்தப் பாவி கத கட்டுனான். நீ சொன்னா போதும்."

பிரிசில்லா அவள் வாயையே பார்த்தாள். சொற்கள் வந்து விழுந்தன, எதுவும் ஒட்டவில்லை. மெதுவாகத் தான் செய்துகொண்டதைச் சொன்னாள். மில்லின் இரைச்சலில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

சகாயராணி கீழே உட்கார்ந்துவிட்டாள். "காசு குடுத்துத்தான் நீ லைசென்சு வாங்குனேன்னு நெனச்சேன்."

"நீ சொல்லிக் குடு. அப்படியே ஒப்பிக்கிறேன்" என்றாள் பிரிசில்லா.

"இப்பல்லாம் வாயை எவன் நம்புறான்? குத்தம் சாட்டப்பட்டவங்க நெனப்பு செல்லாதாம், சாட்சியோட நெனப்பத்தான் எடுத்துப் பாக்குறாங்க. உங்கிட்ட இன்னா இருக்கும்?" அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மாவு கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. "பழி வாங்கிட்டே. என் மேல கீற பழிய யாரு எறக்குவா? என்னக் கேட்டிருக்கலாம்லடி."

அந்த முகத்தை எங்கே முதன்முதலில் பார்த்தோம் என்று பிரிசில்லா நினைவில் தேடினாள். எதுவும் கிடைக்கவில்லை. சேர்ந்து ஓடியது, விழுந்தது, சிரித்தது எல்லாம் ஒரு மைதானத்தில் நடந்திருக்க வேண்டும்.

சகாயராணி கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டுக் கேட்டாள். "அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"வெளுத்துப்போச்சு. உதடு கோணிக்கிச்சு."

"இன்னொரு தபா சொல்லு."

பிரிசில்லா அவள் அருகில் தரையில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.