நீல ரிப்பன் வரைக்கும்

காலையிலிருந்து வீடு ரெண்டுபட்டுக் கொண்டிருந்தது. பத்து மணிக்குத் தரகர் வந்து வீட்டைப் பார்த்து விலை சொல்லப் போகிறார். பரணில் கிடந்ததெல்லாம் கூடத்துக்கு இறங்கியாயிற்று. சமையலறைச் சுவரின் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துக் கொண்டிருந்தாள் பெரியவள். விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை.

அவள் அந்த வீட்டு மருமகள். நாத்தனார் சின்னவள். மாமியார் இருவரையும் அப்படித்தான் கூப்பிடுவார். கணவன் போன பிறகும் பிறந்த வீட்டுக்குத் திரும்பாமல் மாமியாரே கதியென்று இருந்துவிட்டாள் பெரியவள். போன வருஷம் மாமியாரும் போய்விட்டார். "பாதி எனக்கு. வித்துடலாம்" என்று நேற்று வேலை பார்க்கும் ஊரிலிருந்து வந்து இறங்கிய சின்னவள், இன்னும் அண்ணியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. எட்டு வயதில் அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பிய அண்ணி!

தரகர் நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். சுவர்களைத் தட்டினார். குழாய்களைத் திறந்து மூடினார். கூடத்துக்கு வந்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"தங்கமான வீடும்மா. ஆனா இந்தக் கம்பி... ஆஸ்பத்திரி மாதிரி இருக்கே! கழட்டி, ஓட்டையை அடைச்சு, பெயின்ட் அடிச்சாத்தான் நல்ல விலை வரும்."

படுக்கையறையில் தொடங்கி வாசல் ஜன்னல் வரை சுவரோடு ஓடியது அந்த இடுப்புயரக் கம்பி.

"கம்பி வேணாங்க... இருக்கட்டும்..." பெரியவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் இருக்கணும்?" சின்னவள் வெடித்தாள். "வீட்டையும் கெடுத்தீங்க, எங்கம்மா மனசையும் கெடுத்தீங்க! மூணு வருஷம் முன்னாடி அந்தக் கல்யாணத்துல, அம்மா நேரா என்னைப் பாத்து வந்தாங்க. முதல்ல அவங்களே பேசட்டும்னு சிரிச்சுக்கிட்டு நின்னேன். உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, என்னை யாரோ மாதிரி தாண்டிப் போனாங்க, அண்ணி! அதுக்கப்புறம் அம்மா இருந்தவரைக்கும் நான் இந்த வாசப்படியே மிதிக்கல. நீங்க சொல்லிக் கொடுக்காமயா?"

பெரியவள் சுவரில் சாய்ந்தாள். அவளுக்கு இது இன்றுதான் தெரியும்.

சின்னவள் தரகர் கையிலிருந்த திருப்புளியைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். கம்பியின் கடைசியில் அவள் விரலில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. வெளிறிய நீல ரிப்பன்.

"இது என் ஸ்கூல் ரிப்பன்... இங்க எதுக்கு?"

தரகர் குனிந்து பார்த்தார். "அட, வரிசையா இருக்கே! பாத்ரூம் கிட்ட சாக்குத் துணி, சமையலறை கிட்ட கயிறு... எங்க மாமனாருக்குக் கண்ணு போனப்ப நாங்களும் இப்படித்தான் சுத்தி வச்சோம். தடவிப் பாத்து இடம் தெரிஞ்சுக்குவார். அம்மாவுக்கும் பார்வை இல்லையோ?"

திருப்புளி தரையில் விழுந்தது.

"அண்ணி...?"

"சத்தியம் வாங்கிட்டாங்கடி. தெரிஞ்சா நீ வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவேன்னு... போனவங்ககிட்ட கொடுத்த வார்த்தையை யார்கிட்ட போய்த் திருப்பிக் கேப்பேன்?"

"இந்த ரிப்பன்?"

"வாசல்ல எந்த வண்டி நின்னாலும் நீன்னு நினைச்சு இங்க வந்து நிப்பாங்க."

சின்னவள் ரிப்பனைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் வாயைத் திறந்து ஒரே ஒரு தடவை 'அம்மா'ன்னு கூப்பிட்டிருக்கலாமே அண்ணி... வீம்புக்கு நின்னேனே பாவி!"

பெரியவள் அவளை வாரி மடியில் சாய்த்துக்கொண்டாள். சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பாரத்தைச் சின்னவள் மட்டும் சுமக்கட்டும் என்று விட மனம் வரவில்லை.

"உன்னை மட்டும் சொல்லாதடி. அன்னைக்கு வீட்டுக்கு வரும்போது கேட்டாங்க. 'சின்னவ பவுடர் வாசம் வந்துச்சே, அவ வந்திருந்தாளா?'ன்னு... கூட்டத்துல நான் உன்னைப் பாக்கல. 'இல்ல அத்தை'ன்னு சொல்லிட்டேன்..."

இருவரும் அழுதார்கள். தரகர் மெல்ல வாசலுக்கு நகர்ந்து, அங்கிருந்தே தயங்கிக் கேட்டார். "அப்ப... கம்பியைக் கழட்டிடலாமாம்மா? இருந்தா விலை குறையும்."

"குறைஞ்சுட்டுப் போகட்டும்" என்றாள் சின்னவள். "யாரும் வாங்கலைன்னாலும் பரவாயில்லை."

பிறகு எழுந்து படுக்கையறை வாசலுக்குப் போனாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கம்பியைத் தடவித் தடவி, தட்டுத்தடுமாறி, ஜன்னலை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.

அவள் ஜன்னலை நெருங்கும்போது, மாமியாருக்கு வழி சொன்ன அதே குரலில் பெரியவள் சொன்னாள்: "மெதுவா வா... இன்னும் நாலே அடிதான்."