சனிக்கிழமைக் காய்ச்சல்

"என் வாப்பாவை வீட்டுக்குள்ளயே வெச்சுக் கொல்றாங்க, டிரெசர் ஐயா" என்றாள் ஆசியா பீவி.

மீரா சாகிப் படித்துக்கொண்டிருந்த துப்பறியும் நாவலை மூடிவைத்தார். பினாங்கு வீதியில் புத்தகக் கடை வைத்திருந்த அவர், மாலையானால் பக்கத்து மருந்துக் கடையில் வந்து உட்கார்ந்துவிடுவார். மருந்துக் கடைக்காரர் பிச்சைமுத்து ஒரு மனநோய் மருத்துவமனையில் இருபத்திரண்டு ஆண்டுகள் டிரெசராக, டாக்டருக்கு உதவியாளாக இருந்தவர். போலீசுக்குப் போகக் கூச்சப்பட்டவர்கள் அவரிடம் வந்தார்கள். களவும் காணாமல் போன ஆட்களும்தான் இதுவரை வந்த வழக்குகள். மீரா சாகிப் ஆறு வருடமாக ஒரு விஷக் கொலைக்குக் காத்திருந்தார்.

அன்று வெள்ளிக்கிழமை. அக்கரையில், பாகான் டாலாமில் வாழ்க்கைப்பட்டவள் ஆசியா பீவி. அண்ணன் வீட்டிலிருக்கும் தகப்பன் முகம்மது கனியைப் பார்க்க வெள்ளிக்கிழமைதோறும் படகேறி வருகிறாள். கிழவருக்கு மறதி நோய் வந்து நான்கு வருடம் ஆகிறது.

"நான் பாக்குறப்ப நல்லாத்தான் இருக்காரு. சனிக்கிழமை காய்ச்சல் வந்துடுது. ரெண்டு மாசமா இப்படித்தான். நான் வந்துட்டுப் போற கோவத்தை மதினி அவர் மேல காட்டுறா."

"ஒரு வாரமும் தப்பலையா?" என்றார் பிச்சைமுத்து.

"நடுவுல ரெண்டு வாரம் காய்ச்சல் இல்ல. என் மகனுக்கு மணல்வாரி, நான் வரல. அவளுக்கும் கோவம் வரல போல."

மீரா சாகிப் தலையை ஆட்டினார். வழக்கு மணிமணியாகக் கோத்துக்கொண்டு வந்தது.

"குடிக்கத் தண்ணிகூடக் குடுக்குறதில்ல ஐயா. அறையில இருந்த கூஜாவையும் எடுத்துட்டா. கஞ்சி, சால்னா, எதுவானாலும் இதைக் கலக்குறா." அவள் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள்.

பிச்சைமுத்து உடனே தூளைப் பார்க்கவில்லை. அவள் மடியிலிருந்த எனாமல் தூக்குச்சட்டியின் விளிம்பில் எறும்பு ஊர்ந்தது. அவள் புறங்கையால் தட்டிவிட்டாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் தூளை விரலிடுக்கில் தேய்த்தார். ஒரு கிண்ணத்தில் போட்டு அயோடின் ஒரு சொட்டு விட்டார். தூள் கருநீலமானது.

"பாத்தீங்களா அண்ணே, நீலம்" என்றார் மீரா சாகிப் மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"சவ்வரிசி மாவு, பாய். உங்க வீட்டுப் பாயசத்துல விட்டாலும் இதே நீலம்தான்."

"அப்ப காய்ச்சல்?"

"நாளைக்குப் போய்ப் பாப்போம்."

மறுநாள் காலை கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்னாலிருந்த வீட்டுக்கு மூவரும் போனபோது வாசலில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. ரிக்ஷாக்காரன் காத்திருந்தான். ஆசியா பீவியின் அண்ணன் அப்துல் ஹமீது, தொப்பிக் கடைக்குக்கூடப் போகாமல் கூடத்தில் நடந்துகொண்டிருந்தான்.

"தங்கச்சி சொன்னது உண்மைனா இவ இப்பவே அவங்க உம்மா வீட்டுக்குப் போகட்டும். அப்புறம் இந்த வாசப்படி கிடையாது" என்றான். அவன் மனைவி காமாரியா உள்கதவோரம் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

கிழவர் காய்ச்சலில் கிடந்தார். பிச்சைமுத்து அவர் முதுகில் காதை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு குனிந்து கட்டிலைப் பார்த்தார். கட்டில் காலில் ஏறிய எறும்பு வரிசை தலையணைவரை போயிற்று. அங்கே பழுப்பாக ஒரு கறை.

"மாமாவுக்கு இனிப்பா எதுவும் குடுப்பியாம்மா?"

"இல்ல ஐயா. கஞ்சியும் சால்னாவும்தான்" என்றாள் காமாரியா.

"தண்ணி ஏன் குடுக்குறதில்ல?"

அவள் புருஷனை ஒருமுறை பார்த்தாள். "குடிச்சா இருமுவாரு. இருமலேன்னாலும் பேசுறப்ப தொண்டையில கொளகொளன்னு சத்தம் வரும்லா. தண்ணியில மாவு போட்டுக் காய்ச்சி, கூழாக்கிக் குடுத்தா அது வர்றதில்ல. இவங்ககிட்ட சொன்னேன். தண்ணி குடிச்சு யாருக்காவது சீக்கு வருமான்னு சிரிச்சாங்க. அதுக்கப்புறம் நான் எதுவும் சொல்லல."

பிச்சைமுத்து ஆசியா பீவியிடம் திரும்பி, "உங்ககிட்ட மட்டும் தனியாப் பேசணும்மா" என்றார்.

"தனியா என்ன தனியா?" என்றான் அப்துல் ஹமீது. "என் பொண்டாட்டியைப் பத்தித் தெரு கேக்கச் சொன்னாள்ல? அதுக்குப் பதிலும் தெரு கேக்கட்டும். இல்லேன்னா பெட்டி ரிக்ஷாவுல ஏறும்."

மீரா சாகிப் தன் நண்பரைப் பார்த்தார். வழக்கின் முடிவைச் சொல்ல எப்போதும் அவசரப்படாதவர்தான். ஆனால் இப்படித் தயங்கி அவர் பார்த்ததில்லை.

"இந்த நோய்ல பேரும் முகமும் மட்டும் மறக்குறதில்ல" என்று தொடங்கினார் பிச்சைமுத்து. "நாள் போகப் போக முழுங்கவும் மறந்துபோகும். தொண்டையில சோத்துக்கு ஒரு வழி, மூச்சுக்கு ஒரு வழி. முழுங்குறப்ப மூச்சு வழி மூடிக்கணும். இவருக்கு அது தாமதமா மூடுது. கூழ் மெதுவா இறங்குது, அதனால தப்பிக்கிறாரு. தண்ணி காத்திருக்காது. நுரையீரலுக்குள்ள ஓடிடும். மறுநாள் காய்ச்சல். ஆஸ்பத்திரியில எத்தனையோ பேருக்குப் பாத்துருக்கேன். உங்க மனைவி யார்கிட்டயும் படிக்காமலே கண்டுபிடிச்சிருக்கா."

"அப்ப காய்ச்சல் எப்படி வருது?" என்றான் அண்ணன்.

"கட்டில்ல எறும்பு ஏறுது. இந்த வீட்ல அவருக்கு இனிப்பு கிடையாது. நேத்து என் கடையில இன்னொரு பாத்திரத்துலயும் எறும்பு பாத்தேன். ரெண்டு வாரம் காய்ச்சல் வரலேன்னு சொன்னாங்க. அந்த ரெண்டு வாரமும் வராதது காய்ச்சல் மட்டும் இல்ல."

மீரா சாகிப்புக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஆசியா பீவி கட்டிலோரம் உட்கார்ந்தாள். "தேத்தண்ணி" என்றாள். "தண்ணிக்குத் தவிக்கிறாரேன்னு, மதினி அடுப்படியில இருக்குறப்ப, ரெண்டு மாசமா தூக்குல கொண்டாந்து குடுத்தேன். பால் ஊத்தி, சீனி போட்டு. அப்ப மட்டும்தான் என்னைத் தெரியும் அவருக்கு. ஒரு வாய் குடிச்சதும் 'ஆசியா, சீனி கூடிப்போச்சு'ன்னு சொல்லுவாரு. அதுக்காகத்தான் படகேறி வந்தேன். என் கையாலதானா ஐயா?"

"தெரியாம செஞ்சீங்க. இனி குடுக்க வேண்டாம்."

காமாரியா வாசலுக்குப் போய்த் தகரப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அப்துல் ஹமீது கை நீட்டினான், அவள் கொடுக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பிச்சைமுத்து கொடுத்தனுப்பிய மருந்துப் புட்டியோடு மீரா சாகிப் அந்த வீட்டுக்குப் போனார். காய்ச்சல் விட்டிருந்தது. கிழவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், இன்னும் மெலிந்திருந்தார். ஆசியா பீவி கையில் கூழ்க் கிண்ணம். பக்கத்தில் காமாரியா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தலையை நிமித்தாதீங்க மச்சி. தாடை நெஞ்சைப் பாத்து இருக்கணும். கரண்டியில பாதி போதும். முழுங்கிட்டாரான்னு தொண்டையைப் பாருங்க, அப்புறம் அடுத்தது."

பாதிக் கரண்டி இறங்க வெகுநேரம் ஆனது. கிழவர் உதட்டை நக்கிக்கொண்டு, தனக்கு ஊட்டுகிற பெண்ணை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரும்மா நீ?"

ஆசியா பீவி கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு அவர் வாயோரத்தைத் துடைத்தாள்.

"காமாரியாவுக்கு நாத்தனா" என்றாள். "ஒத்தாசைக்கு வந்திருக்கேன்."

"நல்லது" என்று கிழவர் வாயைத் திறந்தார்.