வால் விலகும் திசை

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டு. ஆயினும் கடைத்தெருவில் அவரை ஓரக்கண்ணர் என்றே அனைவரும் அறிந்திருந்தனர். மூக்குக்கண்ணாடிக் கடை நடத்திவந்த அவர், எவருடன் பேசினாலும் எதிரில் நிற்பவரின் காதுக்கு அப்பால் எதையோ பார்ப்பவர்போலவே பேசுவார். கண் சோதிக்க வந்தவர்கள், முதலில் இவருடைய கண்ணை யாராவது சோதிக்க வேண்டும் என்று முணுமுணுத்தவாறு திரும்புவதுண்டு.

அது நோயன்று; வால்வெள்ளிகளைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். இருட்டில் மங்கலான ஒன்றை நேராக நோக்கினால் அது மறைந்துவிடும். பார்வையைச் சற்றே விலக்கினாலோ துலங்கும். கண்ணின் நடுவிடம் இருட்டில் குருடு என்பதை இளமையிலேயே அறிந்த அவர், ஓரத்தால் பார்க்கத் தம்மைப் பழக்கிக்கொண்டிருந்தார்.

அவ்வாண்டு தோன்றிய வால்வெள்ளி பேரொளி வாய்ந்தது. பொழுது சாய்ந்ததும் மேற்கே தாழ்வாகச் சிறிது நேரமே தெரியும். நகரத்தின் விளக்குகளும் புகையும் அதை விழுங்கிவிடும். ஆகவே, மேட்டின்மேல் தனித்து நின்றதும் திறந்து மூடும் கூரையுடையதுமான பழைய வீடொன்றை அவர் சில நாள்களுக்கு வாடகைக்கு எடுத்தார். அண்மையில் அவருக்குத் தலைசுற்றல் கண்டிருந்தமையால் தங்கையும் உடன் புறப்பட்டாள். பெற்றோர் அடுத்தடுத்து மறைந்தபின் அவர் தோளில் போட்டு வளர்த்த ஒரே தங்கை. தலை நரைத்துத் தையற்கடைக்கு முதலாளியான பின்னும் அவருக்கு அவள் ‘பாப்பா’தான். ஊரே அஞ்சும் வாய் அவளுக்கு; அவள் அஞ்சியதோ இருட்டு ஒன்றுக்குத்தான். தலைமாட்டில் விளக்கெரியாமல் அவள் உறங்கியதே இல்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் இருந்தது. வீட்டுக்காரம்மாள் கதவுக்கு வெளியிலேயே நின்றாள். அவளுடைய முகத்தின் இடப்பாதி சிறிதும் அசையவில்லை. வலப்பாதி மட்டுமே பேசிற்று.

தங்கை உள்ளே சென்று சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். “என்னங்க இது, ஒரு அறையில கூட விளக்கு இல்லையே? மாட்டுற இடமெல்லாம் மொட்டையா இருக்கு.”

“இருட்டு வேணும்னு கேட்டது உங்க அண்ணன்தானே? இருட்டுத் தர்றேன். அதுக்கு மேல என்ன வேணும்?”

“நல்லாருக்கே! காய் நறுக்குறப்போ விரலை நறுக்கிக்கிட்டா?”

“நறுக்கிக்கிட்டா கட்டுப் போட்டுக்குங்க. விளக்கு மட்டும் வைக்காதீங்க.”

“ஏனாம்?”

“வைக்காதீங்கன்னா வைக்காதீங்க.”

சாவியை மதில்மேல் வைத்துவிட்டு அவள் சரிவில் இறங்கினாள். போகுமுன், தங்கையின் பையில் துருத்திக்கொண்டிருந்த கைவிளக்கின்மேல் அவள் பார்வை ஒரு கணம் தங்கிச் சென்றது.

“இந்தம்மா வாய்க்கு முன்னால என் கத்தரிக்கோல் தோத்துடும்,” என்றாள் தங்கை.

“விடு பாப்பா. இந்த மாதிரி இருட்டு இனிமே எங்க கிடைக்கும்?” என்றார் ஓரக்கண்ணர். அவருக்கு வாயெல்லாம் பல்.

மேல்மாடியில் வட்டமான அறை. கல் பாவிய தரையின் நடுவே துருவேறிய இரும்பு விளக்குத்தண்டு ஒன்று நின்றது. அதனை நெருக்கமாகச் சுற்றிவந்த பள்ளம் ஒன்று, பிறகு நீண்டு குறுகிய வளையமாக விரிந்து, எதிர்ச்சுவரின் அடியிற் புகுந்து மறைந்தது.

“பார்த்தியா? வால்வெள்ளி சூரியனைச் சுத்துற பாதை! எவனோ ரசிகன் செதுக்கி வெச்சிருக்கான்.”

தங்கை குனிந்து விளிம்பைத் தடவினாள். நாளெல்லாம் துணியின் ஓரங்களைத் தடவிய விரல்கள் அவை.

“செதுக்கலை அண்ணா. தேஞ்சிருக்கு.”

அந்தி கவிந்தது. தகரக் கூரையைத் தள்ளித் திறந்து தொலைநோக்கியை நிறுத்தினார். மேற்கே, அடிவானத்தின் சாம்பல் நிறத்துக்கு மேலே, வால்வெள்ளி நின்றது. தலை கீழே, மறைந்த சூரியனை நோக்கியிருந்தது. வால் மேல்நோக்கி நீண்டு, ஊதிவிட்ட மாவுப்பொடிபோல் கரைந்தது. விண்மீன் படத்தைப் பார்க்கச் சிவப்புத்தாள் சுற்றிய கைவிளக்கைத் தங்கை அருகில் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணின் இருட்டுப் பழக்கத்தைச் சிவப்பொளி கெடுக்காது.

அப்போது ஒரு வாடை எழுந்தது. நனைந்த சாம்பலின் வாடை. உடன் ஒரு குளிர், காற்றேயின்றி.

தொலைநோக்கியினின்று முகத்தை எடுத்த ஓரக்கண்ணர், எதிர்ச்சுவரோரம் வெளிறிய ஒன்று நிற்பதைக் கண்டார். ஆளுயரம். கூந்தல் போன்ற ஏதோவொன்று அதனினின்று கிடையாகப் பறந்துகொண்டிருந்தது.

நேராகத் திரும்பினார்.

ஒன்றுமில்லை.

பார்வையை விலக்கினார்.

நின்றது.

“பாப்பா, விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் கொண்டு வா,” என்றார், குரலை அடக்கி.

அவள் இடம் மாறினாள். அதன் கூந்தலும் மெல்லத் திரும்பி, விளக்குக்கு எதிர்த்திசையில் நீண்டது. அவளை மீண்டும் இடம் மாறச் சொன்னார். மீண்டும் திரும்பிற்று. ஒளிக்கு முதுகு காட்டி ஓடுவதுபோல அம்முடி விளக்கினின்று விலகி விலகிப் பறந்தது.

“என்னண்ணா பொம்மலாட்டம் காட்டுறே? கை வலிக்குது.”

“ஒண்ணுமில்லை. விளக்கை மட்டும் கீழே வைக்காதே.”

அன்று அவர் உறங்கவில்லை. ஒளி அதனைத் துரத்துகிறது. விளக்கிருக்கும் வரை அது அண்டாது என்று முடிவுக்கு வந்தார். காலையில் தங்கையிடம் பாதியளவு சொன்னார். அவள் உடனே துணிகளை மடிக்கத் தொடங்கினாள்.

“இன்னிக்கு ஒரு அந்திதான் பாப்பா. இன்னிக்குத்தான் வால்வெள்ளி உச்சத்தில இருக்கும். அதுக்கப்புறம் என் ஆயுசுல இல்லை.”

“உன் ஆயுசை நினைச்சுத்தான் நான் வந்தேன். நீ என் ஆயுசுக்கு உலை வெக்கிறே,” என்றாள் அவள். எனினும் மடித்த துணியைப் பையில் வைக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

பொழுது சாய்ந்தது. அவளைக் கீழ்ப்படியில் அமர்த்தி, எரியும் விளக்கைக் கையில் கொடுத்தார்.

“இதைக் கையிலேயே வெச்சுக்கோ. வெளிச்சம் இருந்தா உன்கிட்ட எதுவும் வராது.”

“சீக்கிரம் வந்துடு.”

அவர் மேலே சென்றார். வால்வெள்ளி வானத்தைக் கிழித்ததுபோல் எரிந்தது. அதன் வாலை அடியினின்று நுனிவரை ஓரக்கண்ணால் தடவிக்கொண்டே போனார். சூரிய ஒளி தள்ளத் தள்ள, வால் அப்பால் விலகுகிறது. ஆனால் தலை...

அவருடைய கைவிரல்கள் தொலைநோக்கியின்மேல் நின்றன.

ஒளி தள்ளுவது வாலைத்தான். தலையையன்று. வால் எத்திசையில் விலகினாலும், தலை சூரியனை நோக்கி விழுந்துகொண்டேயிருக்கிறது. கடைக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் இதைத் தாமே சொல்லியிருக்கிறாரே!

தரையைப் பார்த்தார். பள்ளம், விளக்குத்தண்டின் அருகில்தான் மிக ஆழமாகத் தேய்ந்திருந்தது.

கீழேயிருந்து தங்கையின் குரல் வந்தது.

“அண்ணா... நீயா?”

பிறகு, இன்னும் தாழ்ந்து:

“முடியைத் தொடாதே.”

“பாப்பா, விளக்கை அணை!”

“மாட்டேன்!”

“அணைச்சுடும்மா, உன் காலில விழறேன்!”

“இருட்டாயிடும் அண்ணா!”

அவர் படிகளில் இறங்கினார். அவளை நேராகப் பார்த்தால், அவளைச் சூழ்ந்திருப்பது தெரியாது. ஆகவே, தாம் வளர்த்த பிள்ளையினின்று முகத்தைத் திருப்பி, சுவரைப் பார்த்தவாறே இறங்கினார். ஓரத்தில் தெரிந்தது. அது அவளைச் சுற்றி வளைந்திருந்தது. வெளிறிய முடி அவளுடைய தோள்மேல் வழிந்து வெளியே பறந்தது. முகம் இருக்க வேண்டிய இடம் அவளுடைய இடக்கன்னத்தின்மேல் பதிந்திருந்தது. அது விளக்கையே உற்றுநோக்கிக்கொண்டிருந்தது.

விளக்கைப் பறித்து அணைத்தார்.

ஏதோவொன்று அவரை உரசிக்கொண்டு வெளியே சென்றது. சாம்பல் வாடை நெடுநேரம் நின்றது.

விடிந்தபின் வீட்டுக்காரம்மாள் வந்தாள். படியில் அமர்ந்திருந்த தங்கையை அவள் குனிந்து பார்த்தாள். தங்கையின் முகத்து இடப்பாதி கல்லாயிருந்தது. ஓயாத அந்த வாயினின்று எச்சில் மட்டும் வழிந்தது.

“தெரிஞ்சுதானே விட்டீங்க?” என்றார் ஓரக்கண்ணர்.

“விளக்கு வைக்காதீங்கன்னு சொன்னேன்.”

“சொன்னா வைப்பாங்கன்னுதானே சொன்னீங்க?”

அவள் மறுக்கவில்லை. “என் வீட்டில விளக்கேத்தி எத்தனை வருஷமாச்சுன்னு தெரியுமா சார்? அது யாரைச் சுத்துதோ, அவங்க வெளிச்சத்தைத்தான் தேடி வரும். எங்க போனாலும் வரும். முதல் தடவை முகத்தில பாதி. அடுத்த தடவை மீதி. நடுவில வேற ஒருத்தர் விளக்கைப் பிடிச்சு அது அவங்களைச் சுத்திட்டா, பழைய ஆளை விட்டுடும். நேத்து ராத்திரி நான் மெழுகுவத்தி ஏத்திவெச்சு உக்காந்திருந்தேன். வரலை.” வலப்பாதி உதடு நடுங்கிற்று, அது மகிழ்ச்சி என்று அவருக்குச் சற்றுப் பின்னரே விளங்கிற்று. “நீங்களும் யார் கையிலயாவது விளக்கைக் குடுத்துட்டுப் போங்க. உங்க தங்கச்சி பிழைச்சுக்கும்.”

“எங்க வீட்டுக்கு எதிரிகூட யாரும் இல்லையே அம்மா,” என்றார் அவர்.

“அப்போ இருட்டிலேயே கிடக்கட்டும்.”

தங்கை அவருடைய சட்டையைப் பற்றினாள். பாதி வாயால் அவள் சொன்னது அவருக்கு மட்டுமே புரிந்தது.

“இருட்டில வேணாண்ணா.”

வாடகை வண்டிக்காரரை வரவழைத்து அவளை மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். “பொழுது விழறதுக்குள்ள போய்ச் சேருங்க. வண்டியில விளக்குப் போடாதீங்க,” என்று அவரிடம் கெஞ்சினார். மருத்துவமனையில் அன்று ஓர் அந்தியேனும் அவளை இருட்டறையில் வைக்குமாறு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

“நீ?” என்று கேட்டது தங்கையின் கண்.

“நாளைக்கு வந்துடறேன். நீ விளக்குப் போட்டுக்கிட்டே தூங்கலாம்.”

அவ்வந்தியில் அவர் கூரையைத் திறந்து, கைவிளக்கை ஏற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தரையில் அமர்ந்தார். வால்வெள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ச்சுவரின் அடியினின்று குளிர் புறப்பட்டது. அது விரையவில்லை. தொலைவில் மெதுவாகவும் நெருங்க நெருங்க வேகமாகவும் வருமென்பதை அவர் அறிவார்.

ஈரச்சாம்பல் அவருடைய மூக்கை நிறைத்தது.

முடி கன்னத்தில் பட்டது.

அவர் விளக்கை அணைக்கவில்லை. அது தம்மை முழுதும் சுற்றி முடிக்கும்வரை கையை அசைக்காமல் பிடித்திருந்தார்.

இப்போது தங்கையின் அறையில் இரவெல்லாம் விளக்கெரிகிறது. பேச்சும் மெல்லத் திரும்பியிருக்கிறது. திட்டுவதற்குப் பாதி வாயே அவளுக்குப் போதுமானதாயிருக்கிறது. ஓரக்கண்ணரின் அறையில் மட்டும் விளக்கில்லை. வால்வெள்ளி பார்ப்பவனுக்கு இருட்டு என்ன புதிதா என்று அவர் சிரிக்கிறார். அச்சிரிப்பு வலப்பக்கத்தோடு நின்றுவிடுகிறது.

ஒருநாள் மேகமூட்டத்தால் பொழுது முன்னமே மங்கிவிட்டது. கடையைச் சாத்த எழுந்தபோது ஒருவர் அவசரமாக உள்ளே நுழைந்தார்.

“என்ன சார், கடையா குகையா? ஒண்ணும் தெரியலையே!” என்று சட்டைப்பையினின்று கைபேசியை எடுத்து அதன் விளக்கைப் போட்டு, “இந்தாங்க, பிடிங்க,” என்று நீட்டினார்.

ஓரக்கண்ணர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“நீங்களே வெச்சுக்குங்க” என்றொரு சொல் போதும். அச்சொல் அவருடைய நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. வந்தவர் கரடுமுரடானவர், முன்பின் அறியாதவர்.

சுவரில் தொங்கிய மூக்குக்கண்ணாடிகளில், வாயிலையொட்டி இருந்த ஒன்று பனித்தது. அடுத்தது பனித்தது. அதற்கடுத்தது. வரிசையாக, வளைவாக, ஒளியை நோக்கி.

“அணைங்க!” என்று அவர் கத்திய கத்தலில் வந்தவர் கைபேசியைத் தவறவிட்டார். அது கவிழ்ந்து விழுந்து ஒளி மறைந்தது.

“பைத்தியமா நீங்க?”

“மன்னிச்சுக்குங்க. நாளைக்கு வெயில் இருக்கிறப்போ வாங்க. நல்ல கண்ணாடியாப் பார்த்துத் தர்றேன்.”

வந்தவர் திட்டிக்கொண்டே போனார். இருண்ட கடையில் ஓரக்கண்ணர் தனியே நின்று, சுவரைப் பார்த்தவாறு, பனித்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். துடைத்தவை மீண்டும் பனித்தன.

மறுநாள் முதல், பிற்பகலிலேயே கடையைச் சாத்திவிடுவது என்று அவர் முடிவு செய்தார்.