பன்றி தொடாத தோட்டம்

தர்மபுரத்தில் மயில்வாகனம் அப்போதிக்கரியைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் காய்ச்சலோடு வருவார்கள். கமலாசனி வந்தது கொலைப் பழியோடு.

"ஐயா, நாளைக்கு விடிய என்னைப் பொலிசிலை குடுக்கப் போறானாம் சின்னராசா. தேப்பனுக்கு நான் மெல்ல மெல்ல நஞ்சு வைக்கிறனாம்."

மீன்பெட்டி கட்டிய சைக்கிளோடு முற்றத்தில் நின்ற பக்கீர் காதைத் தீட்டிக்கொண்டான். நாயாற்று மீனை ஊர் ஊராய் விற்பது அவன் தொழில். ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து ஓய்வுபெற்ற அப்போதிக்கரி துப்புத் துலக்கும் இடங்களில் மூக்கை நுழைப்பது அவன் ஆசை. கமலாசனி, ஏரம்புவின் இரண்டாந்தாரம் என்பதும், மூத்த தாரத்து மகன் சின்னராசாவுக்கு அவளைக் கண்ணில் காட்டக்கூடாது என்பதும் அவனுக்குத் தெரிந்ததுதான்.

"அவருக்கு என்ன செய்யுது?" என்றார் மயில்வாகனம்.

"மழை பொய்ச்சதிலையிருந்து ஆறு மாசமா மரவள்ளிக் கிழங்குதான் எங்கடை சோறு. அவருக்குக் கால் மரக்கட்டை மாதிரி விறைச்சுக்கொண்டு வந்தது. இப்ப எழும்பேலாது. குசினியிலை இஞ்சி கிடந்ததைச் சின்னராசாத் தம்பி கண்டுபிடிச்சிட்டான்."

பக்கீருக்குத் திக்கென்றது. மரவள்ளியோடு இஞ்சி சேர்ந்தால் நஞ்சு என்பது வன்னியில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

"இஞ்சி ஏன்?"

"தேத்தண்ணிக்கு, ஐயா. தம்பியுந்தான் குடிக்கிறவன்."

மயில்வாகனம் குடையை எடுத்தார். பக்கீர் கேளாமலே சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனான்.

போகும் வழியெல்லாம் தோட்டங்கள் பாழாய்க் கிடந்தன. வறட்சியில் காடு காய்ந்து, பன்றிகள் ஊருக்குள் இறங்கி எல்லாக் கிழங்கையும் கிளறியிருந்தன. ஏரம்புவின் தோட்டத்துக்கு வேலிகூடச் சரியாக இல்லை. ஆனாலும் அங்கே மரவள்ளி ஆளுயரத்தில் கறுத்துத் தழைத்து நின்றது. ஒரு குளம்படியும் இல்லை.

"அந்த மனிசி மந்திரம் கட்டிப்போட்டா எண்டு சனம் கதைக்குது, ஐயா," என்று பக்கீர் குசுகுசுத்தான்.

மயில்வாகனம் குனிந்து ஒரு கிழங்கைப் பிடுங்கி, நுனியைக் கடித்துத் துப்பினார். "இந்த வீட்டுக்கு எத்தினை மீன் குடுக்கிறனீர், பக்கீர்?"

"ரெண்டு துண்டு."

"வீட்டிலை மூண்டு பேரெல்லே?"

"ஏரம்பு அண்ணை மச்சம் தொடமாட்டார். மூண்டு வருஷமா சுத்த சைவம்." இதைப் போய்க் கேட்கிறாரே என்று பக்கீர் நினைத்தான்.

குசினி அடுப்பில் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. பானையில் தண்ணீர் கையளவுதான், மேலே மூடி. கிணறு வற்றிவிட்டதால் வடிக்காமல் அவிப்பதாகக் கமலாசனி சொன்னாள்.

ஏரம்பு கட்டிலில் கிடந்தார். கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக் கிடந்தன. சின்னராசா கதவடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"தம்பி, நீரும் இந்தப் பானையிலைதானே சாப்பிடுறனீர்?" என்றார் மயில்வாகனம்.

"ஓம். அதுதானே கேக்கிறன். ஒரு பானைச் சாப்பாடு. அப்பு மட்டும் ஏன் விழுந்தவர்? அவரின்ரை கோப்பையிலை இவா என்னவோ போடுறா."

"இஞ்சியெண்டால் நீரும் விழுந்திருக்க வேணும். இது இஞ்சியில்லை, கிழங்கு. கசக்கிற கைச்சல் மரவள்ளி, நஞ்சு கூடின சாதி. பன்றிக்கு விளங்கினது எங்களுக்கு விளங்கேல்லை. ஊறவைச்சு, நிறையத் தண்ணியிலை திறந்து அவிச்சு, தண்ணியை ஊத்தினால் நஞ்சு போகும். இங்கை மூடி போட்டு உள்ளுக்கையே வைச்சிருக்கிறியள்."

"அப்ப எனக்கு ஏன் வரேல்லை?"

"அந்த நஞ்சை முறிக்க உடம்புக்கு ஒரு சத்து வேணும். அது மீனிலை, முட்டையிலை, பாலிலை இருக்கு. பக்கீர் கொண்டாற ரெண்டு துண்டுதான் உங்கள் ரெண்டு பேரையும் இவ்வளவு நாளும் நிக்க வைச்சது. முத்தத்திலை நிக்கிற உங்கடை மாடும் பால் வத்திப்போச்சு. இவருக்கு ஒண்டுமில்லை." அவர் ஏரம்புவின் பக்கம் திரும்பினார். "ஏன் மச்சத்தை விட்டனீங்கள்?"

ஏரம்பு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கமலாசனிதான் பேசினாள்.

"மூண்டு வருஷத்துக்கு முந்தித் தம்பிக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. பிள்ளை பிழைச்சால் சாகுமட்டும் மச்சம் தொடமாட்டன் எண்டு அம்மனுக்கு நேந்தவர். அவனுக்குச் சொல்லக்கூடாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர்."

சின்னராசாவின் கட்டிய கைகள் தாமாக அவிழ்ந்தன.

"ஐயா, அப்புவின்ரை கால் திரும்புமே?"

மயில்வாகனம் பொய் சொல்லிப் பழகாதவர். "இனி மோசமாகாமல் பாக்கலாம். விறைச்சது திரும்பாது. நீங்கள் ரெண்டு பேரும் இப்பிடியே சாப்பிட்டால், இண்டைக்கில்லாட்டி ரெண்டு வருஷத்திலை உங்களுக்கும் இதுதான்."

சின்னராசா கட்டிலடியில் சரிந்து உட்கார்ந்து, தகப்பனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு விம்மினான். ஏரம்புவின் கை அவன் தலையைத் தடவித் தேடியது.

"கால்தானேடா. நான் அம்மனிட்டை என்ரை உயிரையும் தாறன் எண்டு நேந்தனான்."

கமலாசனி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"பொலிசுக்குப் போறீரோ, தம்பி?" என்று கேட்டாள்.

அவன் இல்லையென்று தலையாட்டினான். அவளை நிமிர்ந்து பார்க்க அவனால் முடியவில்லை.

"அப்ப எழும்பி வண்டிலைப் பூட்டும். கிழங்கு ஊறப்போடத் தூரத்துக் குளத்திலை தண்ணி அள்ள வேணும்," என்றாள் கமலாசனி.